நீறு பூத்த தணல்

நேயர்களுக்கு வணக்கம்.

கரியைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். நான் திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்துக்காரன். குவைத்தில் ஒரு ரெஸ்டோரன்டில் ஒன்பது வருடம் ஷீஷாவுக்குக் கரி மூட்டினேன். ஷீஷா என்றால், தலையில் தணலை வைத்து, புகையிலைப் புகையைத் தண்ணீர் வழியாகக் குழாயில் இழுக்கிற சாதனம். நம்மவர்கள் ஹூக்கா என்று சொல்வதும் அதைத்தான். இப்போது ஊரோடு வந்து சிரட்டைக்கரி சுட்டு விற்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரையும் புகைக்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளை விற்பதே இலங்கையின் 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். என் பேச்சு முக்கியமாகக் கரி மூட்டும் தம்பிமாருக்கு. மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். ஷீஷா வைக்கிற இடங்களில் அடுப்படியில் நின்று கரி மூட்டுவது நம் ஊர்ப் பிள்ளைகள். புகைக்கிறவர் ஒரு மணி நேரத்தில் எழும்பிப் போய்விடுவார். மூட்டுகிறவன் மாலையிலிருந்து நடுச்சாமம் வரை அந்தக் கரியோடுதான் நிற்கிறான்.

அரபியில் கரிக்கு ஃபஹம் என்று பெயர். அது எரிந்து சிவந்துவிட்டால் ஜம்ர் என்பார்கள். நம்மிடமும் கரி, தணல் என்று இரண்டு சொல் இருக்கிறது. ஷீஷாவின் தலையில் வைக்க வேண்டியது தணல். பாதி கரி, பாதி தணல் என்று ஒரு துண்டைக் கொண்டுபோய் வைப்பதுதான் நான் பார்த்த மிகப் பெரிய பிழை. அவசரத்தில் எல்லோரும் செய்கிற பிழையும் அதுதான்.

எது தணல் என்று எனக்குக் காட்டித் தந்தது குவைத் இல்லை, என் அம்மா. வெள்ளிக்கிழமை பொழுதுபட, அடுப்பிலிருந்து சிரட்டைத் தணலை எடுத்துச் சாம்பிராணித் தட்டில் போடுவார். உடனே சாம்பிராணி தூவமாட்டார். தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லாமல், துண்டு முழுவதும் மெல்லிய வெள்ளைச் சாம்பல் படிய வேண்டும். ஊதினால் சாம்பல் பறந்து உள்ளே செக்கச் சிவப்பாகத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் தூவுவார். ‘நீறு பூத்த நெருப்பு’ என்று நாம் பழக்கத்தில் சொல்கிறோமே, அந்தப் பதம்தான். கறுப்பு மிச்சம் இருந்தால், எரியாத மரச்சத்தும் ஈரமும் அந்த இடத்திலிருந்து இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் புகை தொண்டையைக் கரகரக்க வைக்கும், தலையை இடிக்க வைக்கும்.

சரி, கரியை எப்படித் தெரிவு செய்வது? சிரட்டைக் கரியே நல்லது. சிரட்டை கடினமான, நெருக்கமான பொருள். அதன் கரி கனதியாக இருக்கும், கட்டியாக அழுத்தினால் சூட்டை நெடுநேரம் பிடிக்கும், சாம்பல் குறைவு. நாங்கள் குழி வெட்டி அடியில் நெருப்பு வைத்து, சிரட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நிறைந்ததும் தகரத்தால் மூடி மண் போட்டுக் காற்றை அடைக்கிறோம். மூன்று நாலு கிலோ சிரட்டைக்கு ஒரு கிலோ கரி கிடைக்கும். ஒழுங்காக வெந்த துண்டை முறித்தால் ‘டிக்’ என்று கண்ணாடி மாதிரி முறியும், முறிந்த இடம் மினுங்கும். மண்ணிறம் தெரிந்தால் வேகவில்லை, அது புகைக்கும்.

ஆனால் குழியிலிருந்து எடுத்த சிரட்டைத் துண்டை அப்படியே ஷீஷாவில் வைக்கக்கூடாது. மெல்லிய ஓடு, சீக்கிரம் எரிந்துபோகும், பொறியும் தெறிக்கும். ஷீஷாவுக்கு வருவது, அதே கரியை மாவாக அரைத்து, மரவள்ளி மாவைப் பசையாகச் சேர்த்து, அச்சில் அழுத்திக் காயவைத்த சதுரக்கட்டி. 25 மில்லிமீற்றர்க் கட்டி என்றால் ஒரு கிலோவுக்கு 72 வரும். பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. சிரட்டைக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டிலேயே இதை அதிகமாகச் செய்யலாமே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வாங்கும்போது ஒரு கட்டியை முறித்துப் பாருங்கள். உள்ளே ஒரே சீரான கறுப்பாக இருக்க வேண்டும், மணல் மினுங்கக்கூடாது. இன்னொன்றை எரித்துச் சாம்பலைப் பாருங்கள். வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் நிறம் நல்லது. செம்மண் நிறமாக இருந்தால் மண் கலந்த சிரட்டையை அரைத்திருக்கிறார்கள்.

கடைகளில் வட்டமாக, தாளில் சுற்றி ஒரு கரி கிடைக்கும், லைட்டரைக் காட்டினாலே பற்றிக்கொள்ளும். சாமியறையில் சாம்பிராணிக்கு வைக்கிற வில்லையும் அதே வகைதான். அது பொறி பறந்து சடசடவென்று பற்றுவதற்குக் காரணம், அதில் சேர்க்கிற வெடியுப்பு போன்ற இரசாயனம். பட்டாசு மணம் வருவதும் அதனால்தான். அந்த வில்லையை ஷீஷாவுக்கு நான் விரும்புவதில்லை. வேறு வழியில்லாமல் பாவித்தால், சடசடப்பு முழுவதும் அடங்கி, மணம் போய், நீறு பூக்கும்வரை தொடாதீர்கள்.

சதுரக்கட்டியை மூட்டுவதற்கு மின்சுருள் அடுப்பு வசதி. கட்டிகளை ஒன்றோடொன்று முட்டாமல் சுருளின்மேல் வையுங்கள். நாலைந்து நிமிடத்தில் அடிப்பக்கம் சிவக்கும். இடுக்கியால் புரட்டிவிட்டு, முழுவதும் நீறு பூக்கும்வரை விடுங்கள். பத்து நிமிடத்துக்குக் குறைத்து நான் ஒருநாளும் எடுத்ததில்லை. காஸ் அடுப்பென்றால் கம்பி வலை வைத்து அதன்மேல் வையுங்கள், இல்லாவிட்டால் சாம்பல் உதிர்ந்து பர்னரின் துளைகளை அடைத்துவிடும். மண்ணெண்ணெய் ஒரு துளியும் வேண்டாம். கரி துளைகள் நிறைந்த பொருள், எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு எரியும்வரை கக்கும்.

வாடைக் காற்று வீசும் மழைக் காலத்தில் கரி காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஈரக்கட்டி சூடு ஏறும்போது ‘படார்’ என்று வெடித்துச் சிதறும், என் இடது மணிக்கட்டில் இப்போதும் தழும்பு இருக்கிறது. மூடியுள்ள தகரப் பேணியில் வைத்திருங்கள், மூட்டும் நாளில் ஒரு மணி நேரம் வெயில் காட்டுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆபத்து வேறு மாதிரி. கடற்கரைக் கொட்டிலுக்குக் கிடுகுக் கூரை. திறந்த தட்டில் தணலை ஏந்திக்கொண்டு காற்றுக்கு எதிரே நடந்தால் ஒரு பொறி போதும். மூடியோடு கூடிய, துளையிட்ட தூக்குச்சட்டியில் கொண்டுபோங்கள்.

இனி, நான் இங்கே வந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். நீறு பூத்த தணலில் புகை இல்லை, மணம் இல்லை. ஆனால் நஞ்சு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்தோமே, ஆங்கிலத்தில் கார்பன் மொனொக்சைட், அதுதான். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்க வேண்டிய இடத்தை இது 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்கிறது. ஷீஷாத் தண்ணீர் இதை வடிகட்டாது, தண்ணீரில் இது கரைவதே மிகக் குறைவு. புகையிலை இல்லாத மூலிகைக் கலவைதானே என்று சிலர் சொல்வார்கள். மேலே இருப்பது அதே தணல்தான். ஒரு தடவை உட்கார்ந்து இழுப்பதில் நூறு சிகரெட்டுக்கு ஈடான புகை உள்ளே போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005 இலேயே சொல்லிவிட்டது.

குவைத்தில் ஒரு ஜனவரி. பாலைவனக் குளிர் எலும்பில் ஏறும். எங்கள் அறைக்கு ஹீட்டர் வேண்டுமென்று வேலை தந்தவரிடம் இரண்டு முறை கேட்டிருந்தோம், வரவில்லை. என்னோடு இருந்த மூதூர்த் தம்பி ஒருவன், கடை மூடியதும் மிச்சத் தணலை ஒரு அலுமினியத் தட்டில் எடுத்துவந்து கட்டில்களுக்கு நடுவே வைத்தான். வெள்ளை வெளேரென்று அழகாக நீறு பூத்திருந்தது. புகையில்லை என்று நானும் பேசாமல் இருந்தேன். குளிருக்கு ஜன்னல் இடுக்கில் துணி செருகியிருந்தோம். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவன் கதவடியில் விழுந்தான். அந்தச் சத்தத்தில்தான் நான் விழித்தேன். தலை பிளக்கிறது, கால் என் கால் மாதிரி இல்லை. தவழ்ந்து போய்க் கதவைத் தள்ளினேன். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். அவன் இரண்டு நாள் கட்டிலில் கிடந்தான். அவன் விழுந்திருக்காவிட்டால் இன்று இந்த மைக்குக்கு முன்னால் நான் இல்லை.

2022 இல் காஸுக்கு வரிசை, 13 மணி நேர மின்வெட்டு என்று நாம் பட்ட பாட்டை மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது எத்தனை வீடுகளில் கரியடுப்பு உள்ளே வந்தது! அடுப்பைத் தாழ்வாரத்தில் வையுங்கள். கரி மூட்டும் தம்பிமாரே, உங்கள் மூலைக்கு இரண்டு பக்கம் காற்று வர வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். தலை கனத்தால், வயிற்றைப் பிரட்டினால், இடுக்கியைப் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். நிலைமை கடுமையாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய், கரிக்குப் பக்கத்தில் நின்றேன் என்பதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இரவு வேலை முடிந்து மிச்சத் தணலைக் கடற்கரை மணலில் புதைத்துவிட்டுப் போகிறார்கள். மணல் தணலை அணைக்காது, போர்த்திவைக்கும். மணிக்கணக்கில் சூடு இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது. விடியப் பிள்ளைகள் வெறுங்காலோடு அந்த மணலில்தான் ஓடுகிறார்கள். இரும்பு வாளியில் தணலைப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுங்கள். ‘சுர்’ என்ற சத்தம் நின்றதும் கிளறிவிட்டு இன்னொரு முறை ஊற்றுங்கள். காலையில் வாளி குளிர்ந்ததைப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.