பேரணி முடிந்த மறுநாள் கவுன்சிலிங் அறைக்கு யார் வருகிறார்கள்?

[திரையில்: கல்லூரி வாசல், பேனர், மாணவர் கூட்டம்]

வணக்கம். அக்டோபர் 10, உலக மனநல நாள். வேலூர் மாவட்டத்தில் காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை கல்லூரிகளில் பேரணி, போஸ்டர் போட்டி, உறுதிமொழி என்று நடக்கும். எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று அறிக்கையும் போகும். பலனை அளக்க அந்த எண் உதவாது. அடுத்த 30 நாளில் எத்தனை பேர் தாங்களாகவே கவுன்சிலரைத் தேடி வந்தார்கள், அதில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் வந்தார்கள் என்று எண்ணுங்கள். பெயர் வேண்டாம்.

போஸ்டரால் மட்டும் என்ன நடக்கும்? 10 ஐரோப்பிய நாடுகளில், 168 பள்ளிகளில், சுமார் 11,000 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு வகுப்பறையில் போஸ்டர் மட்டும். இன்னொரு பிரிவு நான்கு வாரத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, தங்கள் பிரச்சினைகளை நடித்துப் பார்த்துப் பேசியது. ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றவர்கள் முதல் பிரிவில் 1.51 சதவீதம், இரண்டாவதில் 0.70. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பிரிவில் சொல்லும்படி மாற்றமில்லை. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தான். ஆனாலும் கல்லூரிக்கு எடுத்துக்கொள்ள இதில் நிறைய இருக்கிறது.

[திரையில்: வேலூர் வரைபடம்]

போக இடமில்லாத ஊர் இல்லை இது. பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மாணவரைத் தடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். கவுன்சிலிங் அறை எச்ஓடி (துறைத் தலைவர்) அறைக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் உள்ளே நுழையமாட்டார்கள். மாலை நான்கு மணிக்குமேல்தான் திறக்கும் என்றால், ஆம்பூருக்கும் ஆற்காட்டுக்கும் பஸ் பிடிக்கிற டே ஸ்காலர் வரவே முடியாது. மதிய இடைவேளையிலும் திறந்து வையுங்கள். அரசு மருத்துவமனை ஓபி (புறநோயாளி பிரிவு) காலையில்தான். அதற்குப் போக ஓடி (ஆன் டியூட்டி அனுமதி) கொடுக்கும்போது கடிதத்தில் 'மருத்துவக் காரணம்' என்று மட்டும் எழுதுங்கள்.

[திரையில்: மொபைலில் கூகுள் ஃபார்ம்]

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை ஃபார்மில் போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடுவது. ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரில் பார்த்துப் பேச வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'இல்லவே இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே ஒருவர் பேசியாக வேண்டும். ஆள் இல்லையென்றால் ஃபார்மை அனுப்பாதீர்கள். மனசைத் திறந்து எழுதிய பிள்ளைக்குப் பதிலே வராவிட்டால், மறுபடி அவள் யாரிடம் சொல்வாள்?

நண்பர்களுக்கு ஒன்று. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 'தோணுது' என்றால் தனியாக விடாதீர்கள், கூடவே நடந்து கவுன்சிலரிடம் கொண்டுபோய் விடுங்கள். இரவாக இருந்தால் அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை அக்டோபரில் ஒருமுறை சொல்லி விட்டுவிடாமல், செமஸ்டர் ரிசல்ட் வருவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுங்கள்.