மானசரோவரில் நான்கு நதிகள் பிறக்கின்றனவா?

சோழவந்தானிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிந்து, பிரம்மபுத்திரா எல்லாம் மானசரோவர் ஏரியிலிருந்துதான் கிளம்புகின்றன என்கிறார்களே, உண்மையா? வரைபடத்தில் அந்த ஏரிக்கு வேறு என்னமோ பெயர் போட்டிருக்கிறதே?"

பெயரை முதலில் முடித்துவிடுவோம். மனஸ் என்றால் மனம், சரோவர் என்றால் ஏரி. பிரம்மா மனதில் நினைத்து உண்டாக்கியது என்பது நம் பக்கத்துப் புராணம். ஆனால் ஏரி இருப்பது திபெத்தில். அவர்கள் மாபம் யும்ட்சோ என்கிறார்கள். மாபம் என்றால் தோற்காதது, யு என்றால் நீலப்பச்சைக் கல், ம்ட்சோ ஏரி. வரைபடத்தில் நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும்.

சரி, ஆறுகளுக்கு வருவோம். ஏரி சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. பரப்பு சுமார் 410 சதுர கிலோமீட்டர். நம்ம வண்டியூர் தெப்பக்குளம் 16 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், ஆறாயிரம் தெப்பக்குளத்தை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். 1907இல் ஸ்வென் ஹெடின் என்ற ஸ்வீடன்காரர் படகில் போய்க் கயிறு விட்டு ஆழம் பார்த்தார். 80 மீட்டரைத் தாண்டியது.

இவ்வளவு தண்ணீர் இருந்தும் அந்த நான்கு நதிகளில் எதுவும் ஏரியிலிருந்து நேராகப் புறப்படவில்லை. சிந்து கயிலை மலைக்கு வடக்கே பிறக்கிறது. பிரம்மபுத்திரா தென்கிழக்கில் பனியாறுகளிலிருந்து வருகிறது. நேபாளத்துக்குள் ஓடும் கர்னாலி தெற்கே. எல்லாம் சுற்றுவட்டாரம்தான், அதனால்தான் அந்தப் பேச்சு வந்திருக்கும். மிச்சம் சட்லெஜ். அதற்கு மட்டும் கொஞ்சம் உறவு உண்டு.

நம்ம ஊரில் மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும் இல்லையா? மானசரோவரின் மறுகால் கங்கா சூ என்கிற வாய்க்கால். சுமார் 10 கிலோமீட்டர் ஓடி, மேற்கே கொஞ்சம் தாழ்ந்திருக்கும் ராட்சசதாலில் விழுகிறது. ராவணன் தவம் செய்தான் என்று சொல்லும் ஏரி அது. சட்லெஜ் கிளம்புவது அதற்கு மேற்கே.

மேல் ஏரிக்கு மறுகால் இருப்பதால் தண்ணீர் நல்ல தண்ணீர். ராட்சசதாலுக்கு அப்படி ஒழுங்கான போக்கு இல்லை. வெயிலிலும் காற்றிலும் தண்ணீர் வற்ற வற்ற உப்பு தங்கிவிடுகிறது. ராவணன் மேல் பழி போட வேண்டாம். தண்ணீர் மட்டம் இறங்கிய வருஷங்களில் கங்கா சூவும் வறண்டு கிடக்கும்.