எலும்பில் பதியும் கணக்கு: உடலின் வளர்ச்சியும் சமூகத்தின் வளர்ச்சியும்

[காட்சி: ஒரு குழந்தையின் இடது கையின் எக்ஸ்ரே படம்]

இந்தப் படத்தில் விரல் எலும்புகளின் முனைகளுக்கு அருகே மெல்லிய இருண்ட கோடுகள் தெரிகின்றன. எலும்பு முறிந்துவிட்டதோ என்று முதன்முறை பார்ப்பவர்கள் அஞ்சுவதுண்டு. ஆனால் அவை முறிவுகள் அல்ல. வளர்ச்சித் தட்டுகள் எனப்படும் குருத்தெலும்புப் பகுதிகள். கதிர்களைக் குருத்தெலும்பு அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பதால் அவ்விடம் வெறுமையாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. கால்களின் நீண்ட எலும்புகளில் உள்ள இத்தகைய தட்டுகள்தாம் ஒரு மனிதரின் உயரத்தைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஒரு சமூகம் வளர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வது எந்த அளவுக்கு உண்மை என்பதையும் இதே தட்டுகளில் படித்தறிய முடியும். அது எப்படி என்பதை இந்தக் காணொளியில் காண்போம்.

[காட்சி: வளர்ச்சித் தட்டின் குறுக்குவெட்டு வரைபடம்]

பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளமுள்ள குழந்தை, முதல் ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வளர்கிறது. பிறகு வேகம் படிப்படியாகக் குறைந்து, பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் என்ற அளவுக்கு வருகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, முக்கியமாக ஆழ்ந்த உறக்கத்தின்போது, வளர்ச்சி ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் கல்லீரல் வேறொரு வளர்ச்சிக் காரணியை உருவாக்குகிறது. இவ்விரண்டின் ஏவலால் தட்டுகளில் உள்ள குருத்தெலும்புச் செல்கள் பெருகி, பருத்து, இறுதியில் எலும்புக்கு இடம்விட்டு மடிகின்றன.

வளர்ச்சியைத் தூண்டுவதைப் போலவே அதை நிறுத்துவதும் உடலின் வேலை. பருவ வயதில் ஆண், பெண் இருபாலாரிடமும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் முதலில் வளர்ச்சியை விரைவுபடுத்தி, பின்னர் அதே தட்டுகளை எலும்பாக்கி மூடிவிடுகிறது. 1994இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பி செயல்படாத ஓர் ஆணைப் பற்றிப் பேசியது. 28 வயதிலும் அவருடைய தட்டுகள் மூடியிருக்கவில்லை. 204 சென்டிமீட்டர் உயரத்தை எட்டிய பிறகும் அவர் வளர்ந்துகொண்டிருந்தார். அதே வேளையில் அவருடைய எலும்புகள் அடர்த்தியின்றி நலிந்திருந்தன. வளர்ச்சியை நிறுத்தும் குறிப்பை உணராத அந்த உடலில், உறுதியைத் தரும் குறிப்பும் சேராமல் போனதே இதற்குக் காரணம்.

உயரத்தைப் பெற்றோரிடமிருந்து பெறும் மரபணுக்களே முடிவு செய்கின்றன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாதி உண்மைதான். மரபணுக்கள் ஓர் எல்லையை வகுக்கின்றன. அந்த எல்லைவரை செல்லக் குழந்தைக்கு வாய்க்கிறதா என்பது உடலின் வரவு செலவைப் பொறுத்தது. ஐந்து வயதை ஒட்டிய பருவத்தில், உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மூளைக்கே போகிறது. மீதமுள்ளதில்தான் இதயம், தசை, நோய் எதிர்ப்பு ஆகியவற்றோடு எலும்பும் தன் பங்கைப் பெற வேண்டும். அசுத்தமான நீரால் வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வரும் குழந்தையின் குடல் அழற்சியுற்று, உண்ட உணவின் சத்தை முழுமையாக உறிஞ்ச இயலாமல் போகிறது. உறிஞ்சியதிலும் ஒரு பகுதி கிருமிகளோடு போராடவே செலவாகிறது. இந்நிலையில் உயிரைக் காக்கும் உறுப்புகளுக்கு முதலிடம் தந்து, எலும்பின் வளர்ச்சியை உடல் ஒத்திவைக்கிறது. கொடுமையாகத் தோன்றினாலும், அந்தக் குழந்தை உயிரோடிருப்பது இந்த ஒத்திவைப்பால்தான்.

[காட்சி: உலக மக்கள்தொகை வளைகோடு]

இனி சமூகத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 100 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2022இல் 800 கோடியைத் தொட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் ஹேபர்-போஷ் முறை 1913இல் தொழிற்சாலை அளவில் தொடங்கி உர உற்பத்தியை மாற்றியமைத்ததும், தூய நீரும் தடுப்பூசியும் குழந்தை இறப்பைக் குறைத்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். இவற்றோடு உற்பத்தியும் பன்மடங்கு பெருகியது. நாட்டு வருமானத்தை அளக்கும் முறையை வகுத்த பொருளியலாளர் சைமன் குஸ்னெட்ஸ், 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையிலேயே, இந்த எண்ணைக் கொண்டு மக்களின் நலத்தைக் கணிக்க இயலாது என்று எச்சரித்தார். அளவுகோலைச் செய்தவரே சொன்ன இந்த எச்சரிக்கைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

அந்த எச்சரிக்கைக்கு வலுவான சான்று, அவர் காலத்துக்கு முந்தைய நூற்றாண்டிலேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் உற்பத்தியும் வருமானமும் உயர்ந்துகொண்டிருந்தன. ஆயினும் அக்காலத்தில் பிறந்து வளர்ந்த ஆண்கள், தங்களுக்கு முந்தைய தலைமுறையினரைவிடச் சில சென்டிமீட்டர் குட்டையாக இருந்ததைப் படைவீரர்களின் பதிவேடுகள் காட்டுகின்றன. கழிவுநீர் வசதியற்ற நகரங்களில் மக்கள் நெருக்கமாக வாழ நேர்ந்ததும், புதிய போக்குவரத்து வழிகள் பண்டங்களோடு தொற்றுநோய்களையும் கொண்டுசென்றதும், பாலும் இறைச்சியும் ஏழைகளுக்கு எட்டாமல் போனதும் இதற்குக் காரணங்கள் என்று வரலாற்றாய்வாளர்கள் விளக்குகின்றனர். கணக்கேட்டில் வளர்ந்த நாடு, தன் குழந்தைகளின் எலும்பில் தேய்ந்தது.

இனத்தால் சிலர் குட்டை, சிலர் நெட்டை என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியுமா? இந்தியா, ஓமன், கானா, பிரேசில், நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் பெற்று, வசதியான சூழலில் வளர்ந்த குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் அளந்து, 2006இல் வளர்ச்சி அளவுகோல்களை வெளியிட்டது. முதல் இரண்டு ஆண்டுகளின் நீளத்தில் காணப்பட்ட மொத்த வேறுபாட்டில் நாடுகளுக்கு இடையிலானது ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. ஒரே நாட்டின் குழந்தைகளுக்கு இடையிலான வேறுபாடோ 70 விழுக்காடு. அப்படியானால், வயதுக்கேற்ற உயரமின்றி இன்று உலகில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 15 கோடிக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் குட்டையாகப் பிறக்க விதிக்கப்பட்டவர்கள் அல்லர்.

[காட்சி: கருவின் வளர்ச்சி நிலைகள்]

இதன் விளைவுகள் உயரத்தோடு முடிவதில்லை. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியரின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி கடும் பஞ்சத்துக்கு உள்ளானது. அப்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் இயல்பான எடையோடு பிறந்தார்கள். ஆனால் நடுவயதை எட்டியபோது அவர்களிடம் இதய நோய் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. சில மாதப் பசியின் தடம் ஐம்பது ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது.

வளர்ச்சி குன்றிய சிறுமி தாயாகும்போது, குறுகிய இடுப்பெலும்பால் அவளுக்குப் பேறுகால இடர் கூடுகிறது. எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே உணவும் நீரும் சீரான பிறகும், ஒரே தலைமுறையில் ஒரு மக்கள்கூட்டம் தன் முழு உயரத்தை அடைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு தாயும் தன் தாயைவிடச் சற்றே நலமாக வளர்ந்து, அந்தச் சிறு முன்னேற்றத்தைத் தன் கருவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே நெதர்லாந்தில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ 165 சென்டிமீட்டராக இருந்த இளைஞர்களின் சராசரி உயரம், 183 சென்டிமீட்டரை எட்டுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.