புற்றரைக்கு யூரியா எதற்கு?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அந்த அடி நேராக விழுந்தது நெல் விதைத்தவர்கள் மீதும் தேயிலை வளர்த்தவர்கள் மீதும்தான். நவம்பரில் தடையை நீக்கினார்கள். ஆனாலும் விளைச்சல் சரிந்தது. பசளையைக் குறைக்க நினைத்தது பிழையில்லை. ஆனால் ஒருவருக்கும் சோறு போடாத புற்றரைகளில் அல்லவா முதலில் கைவைத்திருக்க வேண்டும்? கொழும்பில் அதற்குப் பொருத்தமான இடம் பல்கலைக்கழக வளாகங்கள். மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் படித்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். தூவியதெல்லாம் புல்லுக்குப் போய்ச் சேராது. கொஞ்சம் அமோனியாவாகக் காற்றில் கலக்கும். கொஞ்சம் நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீருக்கு இறங்கும். மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். கொழும்பு ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் ஊர். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலையில் தூவிய பசளையைப் பின்னேர மழை கானுக்குள் கொண்டுபோய்விடும். அங்கிருந்து கால்வாய், வாவி, கடல். கொழும்பு நகர நடுவிலுள்ள பேர வாவி பச்சையாகக் கிடப்பதற்குக் கழிவுநீர் போன்ற வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் அந்தப் பாசிக்குத் தீனி இதே நைதரசனும் பொசுபரசும்தான்.

சரி, என்ன செய்யலாம்? வெட்டிய புல்லை வாரிக் கொட்டாமல் அங்கேயே விடுங்கள். புற்றரைக்கு வேண்டிய நைதரசனில் கால்வாசி வரை அதிலிருந்தே கிடைக்கும். நிழல்மரங்களின் சருகை மூலையில் குவித்துக் கூட்டெருவாக்கலாம். 2017இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன நகரம் இது. நல்ல சருகைக் குப்பை வண்டியில் ஏற்றுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. கூட்டெருவையும் அளவோடுதான் போட வேண்டும். கூடிப்போனால் அதிலுள்ள பொசுபரசும் மழையோடு போய்விடும்.

விளையாட்டு மைதானத்தின் கதை வேறு. மிதிபட்ட புல் மீண்டும் தழைக்கக் கொஞ்சம் பசளை வேண்டும். அதையும் மண்ணைப் பரிசோதித்துவிட்டு, சிறு அளவுகளாகப் பிரித்து, பெருமழை இல்லாத நாளில் போடலாம். கட்டடங்களுக்கு முன்னால் உள்ள அலங்காரப் புல்லுக்கு ஒரு பருவம் எதுவுமே போடாமல் விட்டுப் பாருங்கள். எங்கே புல் தாங்குகிறது, எங்கே வெளிறுகிறது என்று தோட்டப் பணியாளர்களிடம் கேளுங்கள். அடுத்த பசளை மூட்டைக்குக் கட்டளை கொடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.