தண்ணீர்ச் சிற்பத்துக்கு உயரம் முக்கியமா?

செந்தூலிலிருந்து கட்டடக்கலை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கோலாலம்பூரில் ஒரு பொதுச் சதுக்கத்துக்குத் தண்ணீர்ச் சிற்பம் வடிவமைக்கிறேன், ஐயா. நடுவில் 8 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற மாதிரி வரைந்திருக்கிறேன். காற்று அடித்தால் என்ன செய்வாய் என்று விரிவுரையாளர் கேட்கிறார். உயரத்தைக் குறைக்கலாமா?"

தாராளமாகக் குறையுங்கள், தம்பி. தண்ணீர் எவ்வளவு உயரம் எழும்புகிறதோ, குறைந்தது அவ்வளவு தூரம் சுற்றிலும் தொட்டி வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. 8 மீட்டருக்கு 16 மீட்டர் அகலத் தொட்டி. சதுக்கத்தின் நடுவில் மக்கள் நடக்க வேண்டிய இடத்தை அது விழுங்கிவிடும். காற்றை அளக்கும் கருவி வைத்து பம்பின் வேகத்தைக் குறைக்கலாம்தான். ஆனால் உங்கள் சிற்பத்துக்கு அந்த உயரமே தேவையில்லை என்பது என் கருத்து.

பிரான்சில் போர்தோ நகரத்தில் 2006-இல் திறந்த தண்ணீர்க் கண்ணாடியைப் பாருங்கள். கருங்கல் தளத்தில் 2 செ.மீ. தண்ணீர், அவ்வளவுதான். எதிரே உள்ள பழைய கட்டடங்கள் முழுசாக அதில் தெரியும், பிள்ளைகள் அதிலேயே ஓடி விளையாடுவார்கள். சிகாகோவின் கிரவுன் நீரூற்றில் 15 மீட்டர் கோபுரங்கள் இரண்டு நிற்கின்றன. குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அப்போதும் கோபுரங்களில் உள்ள மின்திரைகளில் மனித முகங்கள் தெரியும், பார்க்க ஆள் வரும். தண்ணீர் இல்லாத நேரத்திலும் உங்கள் சிற்பம் அப்படி நிற்க வேண்டும். பம்பு பழுதாகும், பராமரிப்புக்குப் பணம் வரத் தாமதமாகும். அன்றைக்கு அது காலித் தொட்டியாகத் தெரியக் கூடாது.

சரி, உயரத்தை விட்டால் எதைப் பார்ப்பது? விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் கல்லைத் தாண்டி விழும் அந்த ஓரம்தான் சிற்பியின் வேலை. 1 மீட்டர் நீள விளிம்பில், பின்னால் தண்ணீர் மட்டம் 1 செ.மீ. உயர்ந்து நின்றால், நிமிடத்துக்குச் சுமார் 110 லிட்டர் வழியும். அதையே 2 செ.மீ. ஆக்கினால் 310 லிட்டர்! மட்டம் இரண்டு மடங்கு, தண்ணீர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பம்பு, குழாய், மின்கட்டணம் எல்லாம் கூடவே ஏறும். அதற்காக ரொம்பக் குறைத்தாலும் சிக்கல். 5 மி.மீ. மட்டத்தில் ஓடும்போது விளிம்பில் ஒரு பக்கம் 2 மி.மீ. தூக்கி நின்றால், அங்கே பாதித் தண்ணீர்கூட வராது, விழும் தண்ணீர்த் திரை கிழிந்துவிடும். அதனால் கல் பதித்த பிறகும் விளிம்பின் மட்டத்தைச் சரிசெய்ய வழி வையுங்கள். விளிம்பின் அடியில் நீளவாக்கில் ஒரு காடியும் (சின்னப் பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் கல்லையே ஒட்டிக்கொண்டு உள்பக்கம் ஓடும், கல்லில் கறை படியும்.

அப்புறம், நம் ஊர் மழை. 200 சதுர மீட்டர் தளத்தில் 3 மி.மீ. தண்ணீர் ஓடுகிறது என்றால், பம்பை நிறுத்தும்போது அடித்தொட்டிக்குத் திரும்புவது 600 லிட்டர். ஆனால் சாயங்கால இடிமழையில் 50 மி.மீ. கொட்டினால் அதே தளத்தில் விழுவது 10,000 லிட்டர், அதுவும் சதுக்கத்துத் தூசி, இலை, சிகரெட் துண்டோடு. அவ்வளவையும் அடித்தொட்டிக்குள் விட்டால் வடிகட்டி தாங்காது. மழை தொடங்கியதும் தண்ணீர் கால்வாய்க்குத் திரும்புகிற மாதிரி வால்வு வையுங்கள். ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தால் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான்.

ஏடிஸ் கொசுவையும் மறக்காதீர்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பம்பு நின்ற பிறகு எந்தக் குழியிலும் தண்ணீர் தங்கக் கூடாது. தளத்துக்கு 100-க்கு 1 சரிவாவது கொடுங்கள். மேலே மூடியிருக்கும் ஓட்டைகள், விளக்குக் குழிகள், சிற்பத்தின் மடிப்புகள் எல்லாவற்றுக்கும் வடிகால் காட்டுங்கள். டிங்கிக்குப் பயந்து பூட்டிவைக்கிற நிலைமை நகரத்துக்கு வரக் கூடாது.

நேரம் கிடைத்தால் மஸ்ஜித் ஜாமெக் பக்கம் போய், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேருகிற இடத்தில் நின்று கேளுங்கள். வண்டிச் சத்தத்தில் மெல்லிய நீரோசை காதில் விழுகிறதா என்று பாருங்கள். விழாது என்றால், கண்ணுக்கு மெல்லிய திரையும், காதுக்கு உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீழ்ச்சியும் தனித்தனியாக வையுங்கள்.

வரைபடத்தை மாற்றுவதற்கு முன், 1 மீட்டர் விளிம்பை நிஜ அளவில் செய்து, ஒரு சின்ன பம்பு மாட்டி ஓடவிடுங்கள். 5, 8, 10 மி.மீ. என்று மட்டத்தை மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வீடியோ எடுத்து விரிவுரையாளரிடம் காட்டுங்கள்.