காரணம் தெரியாத பக்கவாதமும் இதயத்தின் மேலறையும்

(மொரிஷியஸ், ரோஸ் ஹில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, அக்கா தங்கைகளே, வணக்கம். பக்கவாதம் வந்து, ஸ்கேன், எக்கோ, கழுத்து ரத்தக்குழாய்ப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் "காரணம் தெரியவில்லை" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியதைக் கேட்டவர்கள் இங்கேயே சிலர் இருப்பீர்கள். ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்று இந்த ரகம்தான். காரணமே தெரியாமல் அடுத்ததை எப்படித் தடுப்பது என்கிற பயம் அந்த வீட்டை விட்டுப் போவதே இல்லை.

இதயத்தின் இடது மேலறையோடு காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாகத் துடித்தால், அதைத்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறோம், அந்தப் பைக்குள் ரத்தம் தேங்கி உறைந்து, ஒரு நாள் மூளைக்குப் போய் அடைத்துவிடும். பக்கவாத அபாயம் கிட்டத்தட்ட 5 மடங்கு கூடுகிறது. ஆனால் இந்தத் துடிப்பு வந்து வந்து போகும். நாம் எடுக்கிற ஈசிஜியோ 10 வினாடி. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களின் தோலுக்கடியில் சின்னக் கருவி வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் 12.4 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு தெரியவந்தது. வழக்கமான முறையில் பார்த்தவர்களில் 2 சதவீதம்தான்.

அப்புறம் இன்னொரு குழப்பம். பேஸ்மேக்கர் வைத்தவர்களைக் கவனித்தபோது, பக்கவாதம் வந்த பலருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் இந்தத் துடிப்பே பதிவாகவில்லை. அப்படியென்றால் துடிப்பு மட்டும்தான் குற்றவாளியா? வயது, பிரஷர், சர்க்கரை எல்லாம் சேர்ந்து மேலறையின் சுவரையே தழும்பாக்கி, விரித்து, பலவீனமாக்கிவிடுகின்றன. துடிப்பு சரியாக இருந்தாலும் அங்கே ரத்தம் உறையலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுத்தது. ஈசிஜியில் உயரமான கூர்முனைக்கு முன்னால் ஒரு சின்ன மேடு வரும், பார்த்திருப்பீர்கள். மார்பில் ஒட்டும் முதல் லீடின் (ஒயரின்) பதிவில் அதன் பின்பாதி ஆழமாகக் கீழே இறங்கினால் மேலறை கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். எக்கோவில் மேலறை பெரிதாகத் தெரிவதும், இதயம் சிரமப்படும்போது ரத்தத்தில் கலக்கிற என்டி-புரோபிஎன்பி என்ற பொருள் கூடுவதும் மற்ற அறிகுறிகள்.

அப்போ ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை உடனே கொடுத்துவிடலாமே? அதைத்தான் ஆர்கேடியா ஆய்வு சோதித்தது. காரணம் தெரியாத பக்கவாதம் வந்து, இந்த அறிகுறிகளும் உள்ள 1,015 பேரில் பாதிப் பேருக்கு அபிக்ஸபான் என்கிற அந்த உறைதடுப்பு மாத்திரை, பாதிப் பேருக்கு ஆஸ்பிரின். 2024இல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் வருடத்துக்கு 4.4 சதவீதம் பேருக்கு மறுபடி பக்கவாதம். வித்தியாசமே இல்லை. எனக்கு இது பெரிய ஏமாற்றம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று அந்த உறைதடுப்பு மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ரத்தக்கசிவு ஆபத்து நிஜம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானவர்களுக்கோ அது உயிர் காக்கிற மருந்து, அவர்கள் ஒரு வேளைகூட விடக்கூடாது.

அதனால் காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தால், "இன்னும் எத்தனை நாள் துடிப்பைக் கண்காணிப்பீர்கள் டாக்டர், மேலறையின் அளவு என்ன?" என்று கேளுங்கள். பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிற தீவு இது. காவடி விரதத்துக்காகப் பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். முருகன் அதைக் கேட்கவில்லை. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுகிறவர்கள் விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் அளவைப் பேசி வையுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, கொஞ்சம் படுத்துப் பார்க்கலாம் என்று சொல்லாமல் 114ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான்.