அடக்கிய தும்மல்

(கோத்தகிரியில் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்கா தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம். குடும்பத்தில் நம்பிக்கை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேச எனக்கு வராது. என் வீட்டில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. கொழுந்து பறிப்பது நான். மூட்டையைக் கொண்டுபோய் எடை போட்டுக் கொடுத்து வருவது அவர். எடைச் சீட்டு என்னிடம் இருக்கும், பணமும் என் கைக்கு வந்துவிடும். ஒரு வருஷம் ஆடி மாதத்திலிருந்து சீட்டும் பணமும் ஒத்துப்போகவில்லை. ஐந்நூறு, எழுநூறு குறையும். கேட்டால் உரத்துக்குப் போயிற்று என்பார். உர மூட்டையோ வீட்டுக்கு வரவில்லை.

அப்புறம் போன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பேச வேண்டுமென்றால் சரிவோரத்துச் சில்வர் ஓக் மரத்தடிக்குத்தான் போவோம். அங்கே நான் போனதும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். ஒருநாள் போனை எடுத்துப் பார்த்தேன். பெயர் போடாத ஒரே எண், 17 தடவை. அதற்கு அழைத்தேன். பெண் குரல்.

திருக்குறளில் 132ஆவது அதிகாரம் புலவி நுணுக்கம். தும்மினால் ‘யார் நினைத்துத் தும்மினீர்’ என்று மனைவி அழுவாள் என்பதால் கணவன் தும்மலை அடக்குகிறான். அடக்கியதைப் பார்த்து, ‘உங்களை நினைப்பவர்களை என்னிடம் மறைக்கிறீர்களா’ என்று அதற்கும் அழுகிறாள். இந்தக் குறளைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவன் எதையோ அடக்கினான், அதை அவள் பார்த்தாள். பார்த்தது பொய்யில்லை. அதற்கு மேல் அவளாகச் சேர்த்துக்கொண்டதுதான் தப்பு.

நானும் சேர்த்துக்கொண்டேன். போனில் வாய்க்கு வந்தபடி பேசினேன். எந்தப் பெண்ணும் கேட்கக்கூடாத வார்த்தைகள். அந்த அம்மா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. “உங்க வீட்டுக்காரரையே கேளுங்கம்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். குற்றம் உள்ளவள், அதனால்தான் வாயடைத்துப் போனாள் என்று நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குன்னூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் அவர் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே தோடர் சால்வை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. கல்யாணமான புதிதில் ஊட்டிக் கடையொன்றில் அதைத் தொட்டுப் பார்த்து, விலையைக் கேட்டதும் மடித்து வைத்துவிட்டு வந்தவள் நான். 25ஆம் வருஷத்துக்கு வாங்கித் தரவேண்டும் என்று, ஊட்டிப் பக்கத்தில் தோடர் பழங்குடியினர் குடியிருக்கும் மந்து ஒன்றில் ஒரு தோடர் அம்மாவிடம் சொல்லி, தவணையாகப் பணம் கொடுத்து வந்திருக்கிறார்.

அவரிடமும் தப்பு உண்டு. இரண்டு பேர் உழைத்த பணத்தில் சொல்லாமல் எடுத்தால் அது களவு மாதிரித்தான் இருக்கும். ‘ஒன்று வாங்குகிறேன், என்னவென்று இப்போது கேட்காதே’ என்றிருந்தால் நான் சந்தோஷமாகக் காத்திருப்பேன். இதை அவரிடமே சொன்னேன். சரி என்று ஒத்துக்கொண்டார். எங்களுக்குள் அதோடு தீர்ந்தது.

தீராதது அந்த அம்மா விஷயம். தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் கோலம் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணி எண்ணி ஊசியை ஓட்டுகிறார்கள். ஓர் இழை தவறினாலும் பூ கோணிவிடும். நான் திட்டிய அன்று ஒரு கரை பாக்கி இருந்ததாம். என் பேச்சைக் கேட்ட பிறகு, எனக்காக உட்கார்ந்து இழை எண்ணி அந்தக் கரையை முடித்திருக்கிறார். அந்தக் கரையை எத்தனை தடவை தடவிப் பார்த்தேன் தெரியுமா? ஒரு தையல்கூடக் கோணவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சால்வையைப் போர்த்திக்கொண்டு இருவரும் மந்துக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அந்த அம்மா என்னை உட்கார வைத்தார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, நூல் புடைத்து நிற்கும் பக்கத்தைக் காட்டி, “எங்களுக்கு இதுதாம்மா மேல்பக்கம்” என்றார். திருப்பி, அவர் கையாலேயே போர்த்திவிட்டார்.